பாதி விலைக்கு ஒரு டிஸ்கவரி: நம் மலை ரோட்டுக்குச் சரிவருமா?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2011ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3.0 லிட்டர் டீசல், மீட்டரில் 138,000 கிலோமீட்டர். இங்கிலாந்தில் கொஞ்ச நாள் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. அதே வயது டொயோட்டா பிராடோ கேட்கும் விலையில் பாதிக்குக் கொழும்பில் நிற்கிறதாம். என்னென்ன பழுது வரும், எவ்வளவு செலவாகும், வீடு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மேலே இருக்கிறது, மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வர வேண்டும், வாங்கலாமா என்று கேட்கிறார்.

தம்பி, வாங்கலாம். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்க முடியுமென்றால் மட்டும். வீட்டில் இருக்கும் காசு முழுவதையும் துடைத்துப் போட்டு வாங்குவதாக இருந்தால் இன்றைக்கே மறந்துவிடுங்கள். விலை ஏன் பாதியாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? விற்கிறவர் நான்கைந்து வருடமாகச் செய்ய வேண்டிய வேலைகளைத் தள்ளிப்போட்டிருப்பார். அந்தக் கணக்குதான் விலையில் குறைந்து நிற்கிறது. அடுத்த ஒன்றரை வருடத்தில் அதை நீங்கள் கட்டுவீர்கள்.

நான் எட்டு வருடம் டுபாயில் ஒரு கராஜில் இந்த மாதிரி ஜீப்புகளுக்குள்ளேயே கிடந்தவன். அங்கே பிரச்சினை மணலும் சூடும். ஊருக்கு வந்து கராஜ் போட்ட பிறகுதான், அதே வண்டி நம் ஏற்றத்திலும் ஈரத்திலும் வேறு மாதிரி நோய்ப்படுகிறது என்று புரிந்தது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிய வைக்க வேண்டும். நம் பக்கத்தில் 'லேண்ட் ரோவர்' என்றால் தோட்டத்துத் துரையின் ஜீப் ஞாபகம். ஐம்பது வருடம் பழைய ஜீப்புகள் இன்றைக்கும் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன. ஸ்பெனர் ஒன்றும் கம்பித் துண்டு ஒன்றும் இருந்தால் ரோட்டோரத்திலேயே சரிக்கட்டிவிடலாம். அந்த நினைப்பில் டிஸ்கவரி 4க்குக் கிட்டப் போகாதீர்கள். பெயர் ஒன்று, சாமான் வேறு. இது இரண்டரை தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. காற்றில் நிற்கிறது, கம்பியூட்டரில் யோசிக்கிறது. பெட்டரி கொஞ்சம் சோர்ந்தாலே டேஷ்போர்டில் கார்த்திகை விளக்கு ஏற்றிய மாதிரி எல்லா லைட்டும் எரியும். இந்த வண்டியில் பழுது தேடும் முன் பெட்டரியைச் சோதிப்பது என் வழக்கம். பாதி 'பழுதுகள்' புதுப் பெட்டரியோடு காணாமல் போயிருக்கின்றன.

காற்றில் நிற்கிறது என்றேன் அல்லவா, அங்கிருந்தே தொடங்குவோம். நம் ஊரில் முதலில் காசு கேட்பது அதுதான். நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பைகள். உடம்புக்குக் கீழே ஒரு கொம்பிரஸர் அவற்றுக்குக் காற்று அடைக்கும். ரப்பருக்குப் பத்து வருடம் என்பது நல்ல ஆயுள். உங்கள் வண்டிக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. ரப்பர் மடிப்பில் மயிரிழை போல வெடிப்பு விழுந்து காற்று மெல்லக் கசியும். கொம்பிரஸர் அதை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பையை நிரப்பக் கொம்பிரஸர் இன்னும் கூடுதல் நேரம் ஓட வேண்டும். ஓடி ஓடிச் சூடேறி, ஒரு நாள் கருகிவிடும். கருகின பிறகு புதுக் கொம்பிரஸர் போட்டுவிட்டு ஓட்டைப் பையை அப்படியே விடுகிறவர்கள் நிறையப் பேர். எட்டு மாதத்தில் புதியதும் கருகும். பிறகு 'சாமான் சரியில்லை' என்று சண்டை.

போன வருடம் ஒருவர் தன் ஐரோப்பிய ஜீப்பைக் கொண்டுவந்தார். கொழும்பில் ஒரு கராஜில் அவருக்கு இரண்டு தடவை கொம்பிரஸர் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு முற்றத்துக்கே போனேன். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி சமமாகத் தாழ்ந்து கிடந்தது. சமமாகத் தாழ்ந்தால் நான்கும் ஓட்டை என்று அர்த்தமில்லை. டிஸ்கவரியிலும் இதே கதைதான். நிறுத்தி வைத்த வண்டி சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக விழித்து, ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிட்டுத் தூங்கும். அதனால் எந்த மூலை குற்றவாளி என்று கண்ணால் தெரியாது. அன்று இரவு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றி வைக்கச் சொன்னேன். மறுநாள் முன்பக்க இடது மூலை மட்டும் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. சவர்க்காரத் தண்ணீரை ஸ்பிரே பண்ணினேன். பையின் கீழ் மடிப்பில் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. அவர் கைபேசியில் அதை வீடியோ எடுத்துக்கொண்டார். யாருக்கு அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.

செலவுக் கணக்கை ரூபாயில் மட்டும் சொன்னால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். 2021இல் ஒரு டொலர் 200 ரூபாயாக இருந்தது, 2022இல் 360ஐத் தொட்டது, பிறகு 300ஐ ஒட்டி வந்து நின்றது. சாமான் எல்லாம் பவுண்டிலும் டொலரிலும் வருவதால், என் கணக்கு ஒரு பவுண்டு 400 ரூபாய் என்று வைத்து, கப்பல் கூலி, வரி, கடைக்காரர் இலாபம் எல்லாம் சேர்த்த உத்தேசம். நல்ல கொம்பிரஸர் ஒன்று இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சம். முன்பக்கக் காற்றுத்தூண் (பை பொருத்திய ஷொக்) ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம், மாற்றினால் சோடியாக மாற்றுங்கள். பின்பக்கப் பை கொஞ்சம் மலிவு. பழைய மாதிரிக் கொம்பிரஸரைக் கழற்றிப் புதிய மாதிரியைப் போட்டால் மென்பொருளையும் மாற்ற வேண்டும். அதைச் செய்யும் ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

'காற்றே வேண்டாம், சுருள் ஸ்பிரிங் போட்டுவிடலாம்' என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். போடலாம், கிட் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்து ரோட்டில் கல் தட்டும் இடத்தில் வண்டியை ஒரு பட்டனில் உயர்த்திக்கொள்வதற்குத்தானே இந்த ஜீப்பையே பார்க்கிறீர்கள்? அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது டீசல் குடிக்கும் ஒரு கனமான வேன்.

சரி, என்ஜின். 245 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கடுகண்ணாவை ஏற்றத்தில் கொள்கலன் லொறியைத் தாண்டும்போது இதன் அருமை தெரியும். இதே குடும்பத்து 2.7, 3.0 இரண்டு டீசல் என்ஜினுக்கும் உலகம் முழுக்க ஒரு கெட்ட பெயர் உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பெயரிங் தேய்ந்து சுழன்று, அந்த ஷாஃப்டே முறிந்துவிடும். எல்லா வண்டிக்கும் வருவதில்லை. வந்தால் பெரிதாக முன்னறிவிப்பும் இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு சத்தம், அவ்வளவுதான். ரீகண்டிஷன் என்ஜின் வாங்கிப் பொருத்தினால் 25 லட்சத்தில் கணக்குத் தொடங்கும். கொழும்பில் பழைய சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் என்ஜின் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள்ளும் இதே கிராங்க்தான் இருக்கிறது.

இதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான், ஒயில். கம்பனி எழுதி வைத்த கணக்குப்படி 25,000 கிலோமீட்டர் வரை ஒரே ஒயிலில் ஓடலாம். அது மோட்டர்வேயில் நேராக ஓடும் வண்டிக்கு. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு அல்ல. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். 5டபிள்யூ-30, இந்த என்ஜினுக்கு எழுதப்பட்ட தரத்தில். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் புகைவடி உள்ள வண்டியானால் சாம்பல் குறைந்த ஒயில். கடைக்காரர் 'டீசலுக்கு எல்லாம் ஒன்றுதான்' என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

புகைவடி என்றது டிபிஎஃப். எல்லா நாட்டு வண்டியிலும் இருப்பதில்லை, ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்ததில் இருக்க வாய்ப்பு அதிகம். அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் சீராக ஓட வேண்டும். தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் அப்படி எங்கே ஓட்டுவது? எரிக்க முயன்று பாதியில் நின்றுபோனால் டீசல் ஒயிலில் போய்க் கலக்கும். ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடினால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். ஒயில் நீர்த்தால் முதலில் அடிபடுவது அதே பெயரிங். கொழும்புக்குப் போகும் நாட்களில் அதிவேகப் பாதையில் அரை மணி நேரம் ஓடிவிட்டு வாருங்கள், டீசலும் முடிந்தவரை சுப்பர் டீசல் அடியுங்கள், கந்தகம் குறைவு.

அடுத்தது பெல்ட். இந்த என்ஜினில் முன்னால் ஒரு டைமிங் பெல்ட், பின்னால் டீசல் பம்புக்கு இன்னொன்று. 'பெல்ட் மாற்றியாச்சு' என்று விற்கிறவர் சொன்னால், எந்த பெல்ட் என்று கேளுங்கள். பின் பெல்ட் இருப்பதே தெரியாத கராஜ்களும் உண்டு. கிலோமீட்டர் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும்தான், ஆனால் வருடக் கணக்கும் இருக்கிறது. 2011 வண்டிக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெல்ட், உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டரை லட்சம். வாங்கிய கிழமையே செய்ய வேண்டிய வேலை.

ஏற்றத்தில் திடீரென்று 'உஸ்' என்று சத்தம் வந்து, வண்டி பலமிழந்து, கரும்புகை அடித்தால் டேர்போ போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். மேலேயுள்ள பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்ட் வெடித்திருக்கும், அல்லது ஹோஸ் கழன்றிருக்கும். உண்மையிலேயே டேர்போ என்றால்தான் கவலை. அந்த வேலைக்குப் பல இடங்களில் வண்டியின் உடம்பையே ஷசியிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். அதற்கான லிஃப்ட் நம் பக்கத்தில் தேடிப் பிடிக்க வேண்டும், சாமானைவிடக் கூலி கூடும்.

குளிர் ஊர்தானே, என்ஜின் சூடாகாது என்று நினைக்கிறவர்களும் உண்டு. மேலே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியும் ஹோஸ்களும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நம் வண்டி கொதிக்காமல் ஏறுகிறது. அந்த அழுத்தம் கசிந்தால் கொழும்பில் சமாளிக்கும் வண்டி ரம்பொடை ஏற்றத்தில் கையை விரித்துவிடும். புகையைக் குளிர்வித்து என்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் கூலரும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களும் இந்த என்ஜினில் கசியும் இடங்கள். தண்ணீர் குறைகிறது, கீழே சொட்டவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

இனி, பணத்தைவிட முக்கியமான ஒன்று. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லயில் நடந்த பஸ் விபத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு உயிர். அந்த மாதிரி இறக்கத்தில் இரண்டரை தொன் வண்டியை ஓட்டப்போகிறீர்கள் என்பதை மனதில் வையுங்கள். கியரை 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் டிஸ்க் சிவந்துவிடும். கியரை நாமே தெரிவு செய்யும் கம்மாண்ட் ஷிஃப்டில் இரண்டு, மூன்று என்று கீழ் கியரில் பிடித்து இறங்குங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழையும் பனியும் மாறி மாறி வரும் ஊரில் இன்னும் சீக்கிரம். ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரித் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சில ஆயிரம் ரூபாய்தான். இந்தப் பதில் முழுவதிலும் இதுதான் மலிவான வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

கை பிரேக் இதில் மின்சாரம். பின் டிஸ்குக்குள்ளே சின்ன டிரம் இருக்கிறது, மோட்டார் ஒன்று கேபிளை இழுத்து அதைப் பிடிக்கும். தோட்டத்து ரோட்டுச் சேறு அந்த டிரம்முக்குள் போய்க் காய்ந்தால் ஷூ சரியாகப் பிடிக்காது, மோட்டார் மேலும் மேலும் இழுக்கும். ஒரு நாள் பன்றி கத்துகிற மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு கொண்டுவந்தால் கழுவி, ஷூவைச் சரிசெய்து கொடுப்போம், சில ஆயிரத்தோடு போகும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் மோட்டார் போகும், இரண்டு லட்சத்துக்கு மேல். இன்னொன்று, சாய்வில் நிறுத்தும்போது முதலில் கால் பிரேக், பிறகு கை பிரேக், கடைசியாகத்தான் 'பி'. நேரே 'பி'யில் போட்டுக் காலை எடுத்தால் வண்டியின் முழுப் பாரமும் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

கியர்பொக்ஸ் நல்ல சாமான். இசட்எஃப் ஆறு கியர். இதன் ஒயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று வண்டிக் கம்பனிகள் சொல்லும். செய்த இசட்எஃப் கம்பனியோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைக் கேட்பேன். ஃபில்டர் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே வரும், ஒயிலோடு ஒன்று, ஒன்றரை லட்சம். ஓட்டிப் பார்க்கும்போது ஐம்பது, அறுபது வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்துப் பாருங்கள். சொரசொரப்பான ரோட்டில் போவது மாதிரி ஒரு நடுக்கம் வந்தால், என்ஜினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டர் களைத்துவிட்டது.

முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கீழ்க்கைகளின் (லோவர் ஆர்ம்) ரப்பர் புஷ் நம் ரோட்டில் சீக்கிரம் போகும். டயரின் உள் ஓரம் மட்டும் வழுக்கையாக இருந்தால் அதுதான். கைகளையே மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்க்க ஒரு லட்சத்துக்கு மேல்.

சன்ரூஃப் உள்ள வண்டியானால், நான்கு மூலையிலும் தண்ணீர் வடியும் சின்னக் குழாய்கள் உண்டு. நம் ஊர்ப் பனியில் அதற்குள் பாசி வளரும். அடைத்தால் தண்ணீர் கூரைத் துணி வழியாக இறங்கித் தரைவிரிப்புக்குக் கீழே தேங்கும். அங்கேதான் வயர்களும் இருக்கின்றன. வண்டிக்குள் ஏறியதும் மூக்கை நம்புங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் விரிப்பை உயர்த்திக் கையால் தடவிப் பாருங்கள்.

'அப்போ பிராடோவே வாங்கிவிடவா?' என்று அடுத்துக் கேட்பீர்கள். காசு இருந்தால் தாராளமாக. அதற்கும் நோய் இல்லாமல் இல்லை, 3.0 டீசலில் இன்ஜெக்டர் போகும், அதன் அடி வாஷர் கசிந்தால் கரி ஒயிலில் இறங்கும். ஆனால் சாமான் ஹட்டனிலேயே கேட்டு வாங்கலாம், மெக்கானிக் பாஸ்மாருக்கும் அது பழக்கம். பிஎம்டபிள்யூ எக்ஸ்5இன் பிளக்-இன் ஹைபிரிட் மாதிரியும் இப்போது நிறைய விற்பனைக்கு நிற்கிறது. வயதான ஹைபிரிட் பெட்டரியோடு மலையேறப் பழைய டிஸ்கவரியையாவது நம்புவேன். இது என் சொந்தக் கருத்து, கோபிக்க வேண்டாம்.

இழுத்துப் போகிற செலவையும் கணக்கில் சேருங்கள். நின்றுபோனால் இந்த வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது சரிவராது, ஏற்றிப்போகும் லொறிதான் வர வேண்டும். மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போகிறவர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி, சர்வீஸையும் சாமான் வாங்குவதையும் அந்தப் பயணத்தோடு வைத்துக்கொள்ளலாம். மேலே இருந்துகொண்டே எல்லாம் செய்யப் பார்த்தால் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று நாள் வண்டி கராஜில் கிடக்கும்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் இரண்டு பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கியர்பொக்ஸ் ஒயிலைப் பற்றியும் இல்லை. 'டொக்டர் ஓட்டிய வண்டி' என்பது மட்டும் இரண்டு தடவை இருக்கிறது. டொக்டர்கள் மனிதர்களைத்தான் பார்ப்பார்கள் தம்பி. பில்களைக் கேளுங்கள். இல்லையென்று சொன்னால், பெல்ட், கியர்பொக்ஸ் ஒயில், இரண்டு முன் காற்றுத்தூண், கொம்பிரஸர், கீழ்க்கை எல்லாம் கூட்டி பதினொரு, பன்னிரண்டு லட்சத்தை விலையிலிருந்து குறைத்துப் பேசுங்கள். விற்கிறவர் முகம் சுழிப்பார். சுழிக்கட்டும், அவசரம் அவருக்குத்தான். அதுவரை தடைப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்ததிலிருந்து பழைய சொகுசு வண்டியைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்குத் தூக்கம் குறைவு.

சனிக்கிழமை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி இரவு வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். போனதும் சாவியை வாங்க முன் ஒரு டேப்பை எடுத்து நான்கு சக்கரத்திலும் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பிறகு பொனட்டில் கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் நீங்களே ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் தட்டுகிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுங்கள், ஸ்கேனர் உள்ள ஒருவரையும் கூட்டிப் போங்கள். பொனட் இளஞ்சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னாலேயே யாரோ எழுப்பி, காற்று அடைத்து, தட்டுகிற சத்தம் அடங்கும் வரை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.